கடிக்காத செருப்பு

“அண்ணிக்காண்ணா?” என்று கேட்டாள் கடைப்பெண்.

ராஜாங்கம் தலையை ஆட்டினார். பொய் சொல்ல வாய் வரவில்லை. தலைக்கு அந்தக் கூச்சம் இல்லை.

மீன் வண்டி ஓட்டிய காலமெல்லாம் நேரு வீதியின் இந்தக் கடையை அவர் வெளியிலிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார். எதிரே வண்டியை ஓரங்கட்டுவார். கண்ணாடிக்குள் வரிசையாக நிற்கும் ஹீல்ஸ் செருப்புகளைப் பார்ப்பார். பின்னால் யாராவது ஹாரன் அடித்ததும் கிளம்பிப் போய்விடுவார்.

ஐம்பத்தாறு வயதில் இன்றைக்குத்தான் படி ஏறியிருக்கிறார். இன்றைக்கு விட்டால் இனிமேல் இல்லை.

வீட்டில் சுலோசனாவிடம் பிளாஸ்க் வாங்கப் போவதாகச் சொல்லியிருந்தார். அதை வாங்கியாயிற்று. பையில் இருந்தது.

“அண்ணி என்ன சைஸ் போடுவாங்க?”

கட்டிய மனைவியின் கால் அளவு தெரிந்திருந்தால்தானே சொல்ல? “என் கால் அளவுதான்,” என்றார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்தப் பெண், சட்டையில் வினோதா என்று பேர் குத்தியிருந்தவள், குனிந்து அவருடைய அகலமான பாதங்களைப் பார்த்தாள். ராஜாங்கத்துக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இதோ சிரிக்கப்போகிறாள். உள்ளே இருப்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டப்போகிறாள்.

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் கேலி இல்லை.

“ஒரே அளவுன்னா வசதியாப் போச்சு, நீங்களே போட்டுப் பாத்துருங்கண்ணா. வெள்ளக்காரம்மாங்களுக்குன்னு பெரிய சைஸ் வெச்சிருக்கோம்.”

வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத மூலையாகப் பார்த்து ஸ்டூலைப் போட்டாள். கறுப்பு ஜோடி ஒன்றை எடுத்து வந்தாள். நல்ல உயரமான குதி, முன்னால் இரண்டு வார்.

“சாக்ஸக் கழட்டிருங்கண்ணா.”

“இருக்கட்டும்மா.”

கூச்சப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். சாக்ஸிலிருந்து பவுடர் வாசனை கும்மென்று அடித்தது. கல்யாண மாப்பிள்ளைகூடக் காலுக்கு இவ்வளவு பவுடர் போடமாட்டான். அவள் ஒன்றும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து வாரை மாட்டிவிட்டாள்.

ராஜாங்கம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஓர் எட்டு வைத்தார்.

டக்.

சின்ன வயதில் அப்பாவோடு மீன் கொடுக்கப் போன ஒரு சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவரின் வீடு. அந்த வீட்டம்மா மாடியிலிருந்து இறங்கி வரும்போது இந்தச் சத்தம்தான் கேட்கும். அந்த அம்மாமேல் அவருக்கு எந்த ஆசையும் இருந்ததில்லை. அந்தச் சத்தம் தன் காலடியிலிருந்து வரவேண்டும், அவ்வளவுதான் ஆசை. இதைப் போய் யாரிடம் சொல்வது? சுலோசனாவிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போது வந்தது. டக், டக். ராஜாங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு சின்ன ஆசைக்கா இவ்வளவு வருஷம் பயந்தோம் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“கடிக்குதாண்ணா?”

“இடது கால்ல லேசா.” நன்றாகவே கடித்தது. சுகமாகவும் இருந்தது.

“வலது?”

ராஜாங்கம் கொஞ்சம் நின்று பார்த்தார்.

“அது கடிக்கலம்மா.”

“அப்ப வலது கரெக்ட்டா அமைஞ்சிருச்சு. இடது போடப்போட சரியாயிடும். நாலு நாள் வீட்டுக்குள்ளயே போட்டு நடக்கச் சொல்லுங்க, அண்ணிய.” கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுத்துச் சிரித்தாள். “அடுத்த தடவ இன்னும் உசரமா பாக்கலாம்.”

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அடுத்த தடவை வரச் சொல்கிறாள். ராஜாங்கத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. “எவ்வளவும்மா?” என்று மட்டும் கேட்டார்.

தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, பில் போட்டு, பையோடு வெளியே வந்தார். உச்சி வெயில். நாலைந்து கடை தாண்டியிருப்பார்.

“அண்ணா! அண்ணா!”

வினோதா ஓடிவந்தாள். அவள் கையில் அவருடைய பழைய வலது கால் செருப்பு.

“ஸ்டூல்கிட்டயே வுட்டுட்டு வந்துட்டீங்க! ரோடு இந்தக் கொதி கொதிக்குது, சுடலையா உங்களுக்கு?”

ராஜாங்கம் குனிந்து பார்த்தார். இடது காலில் செருப்பு இருந்தது. வலது காலில் வெறும் சாக்ஸ். அதன் அடியில் ஈரமாகச் சிவப்பு ஊறிக்கொண்டிருந்தது. அவள் பார்ப்பதற்குள் செருப்பை வாங்கிக் கீழே போட்டு, கால் உள்ளே போய்விட்டதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து நுழைத்தார்.

“புதுசு வாங்குன நெனப்புல நடந்துட்டேன்,” என்றார்.

அவள் சிரித்துக்கொண்டே கடைக்குத் திரும்பி ஓடினாள்.

அந்தக் காலுக்குச் சூடு தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிரேக்கில் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போனபோது வண்டி ஓட்டுவதை விட்டார். பாதத்தில் ஆணி ஏறியதும் தெரியவில்லை. நாற்றம் வந்த பிறகு சுலோசனாதான் கண்டுபிடித்தாள். சர்க்கரை ஏற்கெனவே எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார், இதுவரைக்கும் எடுக்க வேண்டியிருக்கும் என்று.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். காலையில் ஆபரேஷன்.

பையில் பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் செருப்புப் பெட்டி இடித்துக்கொண்டிருந்தது. இடது கால் செருப்பை மட்டும் கொடும்மா என்று அந்தப் பெண்ணிடம் கேட்க அவருக்கு மனசு வரவில்லை.