வங்கிக்காரர் வீட்டுச் சங்கிலி

"அடகுக் கடையா? எங்க வீட்டுலயா? நல்லா கேட்டம்மா. அடுத்த கேள்விக்குப் போ," என்று சிரித்தார், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

யார் வங்கிக்குப் போகிறார்கள், யார் சீட்டுக் கட்டுகிறார்கள், யார் அடகு வைக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப் பதிவதுதான் அந்தப் பெண்ணின் வேலை. கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை' என்பதைத் தொடப் போனாள்.

"இரும்மா, ஆமான்னு போட்டுக்கோ," என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அவளுக்குக் கேள்வி புரியல," என்றார் மேலாளர்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மனைவி வந்து நின்றாள். "புரிஞ்சுதான் சொல்றேன். வெயில்ல அலைஞ்சு கேக்குற பொண்ணு. தப்பா எழுதிட்டுப் போகணுமா? முனைக் கடையில என் சங்கிலியை வெச்சிருக்கேன்."

"அப்போ கழுத்துல கிடக்குறது?"

"கவரிங். போன வருஷத்துலேர்ந்து கிடக்கு. உங்க கண்ணுக்குத் தெரியல, நான் என்ன பண்றது?"

மேலாளரின் முகம் சிவந்துவிட்டது. "வட்டி எங்கேர்ந்து கட்டுறே?"

"வீட்டுச் செலவுக்குத் தர்றீங்களே, அதுலதான். காபி ஏன் தண்ணியா இருக்குன்னு தினம் கேப்பீங்கல்ல?"

"ஊருக்கெல்லாம் நகைக்கடன் கொடுத்தவன் நான். என் பொண்டாட்டி அடகுக் கடைப் படி ஏறுறா. வெளிய தெரிஞ்சா நான் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"தெரியாது. அந்தக் கடைக்காரர் வாயைத் திறக்க மாட்டார்."

கணக்கெடுக்க வந்த பெண் மெல்ல அடுத்த கேள்வியைப் படித்தாள். "எதுக்காகக் கடன் வாங்கினீங்க? மருத்துவம், படிப்பு, கல்யாணம், வீடு ரிப்பேர்..."

"அதெல்லாம் இல்லம்மா. 'வேற'ன்னு போடு."

"வேறன்னா என்னன்னு எழுதணும்மா."

"நான் சொல்றேன் எழுதிக்கோ," என்றார் மேலாளர். "தம்பிக்குத் தூக்கிக் கொடுத்திருப்பா."

"என் தம்பி தலையை உருட்டலைன்னா உங்களுக்குப் பொழுது போகாதே."

அவர் விருட்டென்று எழுந்து உள்ளே போனார். படுக்கையறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

பெண்ணுக்குமே அந்த அம்மாள் மேல் கோபம்தான். பென்ஷன் வருகிற வீடு. சொந்த வீடு. கைக்கு எட்டும் தூரத்தில் வங்கி. இதில் கணவனுக்குத் தெரியாமல் அடகு என்ன வேண்டிக் கிடக்கிறது? முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். வழியனுப்பும் சாக்கில் அம்மாள் கேட் வரைக்கும் கூடவே வந்தாள்.

"ஒரு காலத்துல முனைக் கடையில காலையிலேயே கூட்டம் நிக்கும்மா. இவர் மேலாளரா வந்தார். அதுக்கு நேர் எதிர்லயே நகைக்கடன் கவுன்ட்டர் திறந்தார். வட்டி பாதிக்குப் பாதி. அத்தனை கூட்டமும் அந்தப் பக்கம் போயிடுச்சு. கடைக்காரர் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தார்."

"சார் தன் வேலையைத்தானேம்மா செஞ்சார்?"

"தப்புன்னு நான் சொல்லலியே. ஆனா அந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் இவரைப் பார்த்தா சிரிச்ச முகமா வணக்கம் வெக்கிறார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கல. சும்மா கொடுத்தா வாங்கிக்கிற ஆளும் இல்ல. அதான் சங்கிலியைக் கொண்டுபோய் வெச்சேன். மாசா மாசம் வட்டி கட்டுறேன். கடைக்காரர் கொடுத்த கடன் காசு அரிசி டப்பாவுல அப்படியே கிடக்கு."

"சார்கிட்ட சொல்லிடலாமேம்மா?"

"சொன்னா ஒடிஞ்சு போயிடுவார். ஒரு குடும்பத்துப் பிழைப்பைக் கெடுத்துட்டோமேன்னு ராத்திரியெல்லாம் முழிச்சுக் கிடப்பார். என்னைத் திட்டினா, திட்டிட்டுத் தூங்கிடுவார். அது பரவாயில்ல."

பெண் டேப்லெட்டை மறுபடி எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் 'சொல்ல விருப்பமில்லை' என்பதைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

அடுத்துப் போக வேண்டியிருந்ததே முனைக் கடைதான். கடைக்குப் பின்னாலிருந்த அறையில் கடைக்காரர் தனியாகக் குடியிருந்தார். தராசைத் துண்டு போட்டு மூடியிருந்தது. வந்தவளுக்கு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"வியாபாரம் எப்படிங்கய்யா போகுது?"

"வியாபாரமா? இந்த ஃபேன் சுத்துற கரன்ட்டுக்குக்கூடக் கட்டாதும்மா."

"அப்போ செலவுக்கு?"

"மகள் அனுப்புறா. கடையைப் பூட்டிட்டு இங்கயே வந்துடுங்கப்பான்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. எனக்குன்னு ஒரு ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சு வெச்சிருக்கா. பேத்தி பிறந்து நடக்கவே ஆரம்பிச்சாச்சு. நான் இன்னும் போன்லதான் கொஞ்சிக்கிட்டிருக்கேன்."

"போகலாமேய்யா. இங்க என்ன இருக்கு?"

கடைக்காரர் வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யாருன்னு கேக்காதே. வங்கியில பெரிய பதவியில இருந்தவர் வீட்டம்மா. என்ன கஷ்டமோ, புருஷனுக்குத் தெரியாம சங்கிலியைக் கொண்டுவந்து வெச்சுட்டாங்க. வட்டி வேண்டாம்னு சொன்னாலும் கேக்குறதில்ல, தலை குனிஞ்சு கொடுத்துட்டுப் போறாங்க. கடையை மூடணும்னா சங்கிலியை வேற கடைக்கு மாத்தி விடணும். அங்க போச்சுன்னா நாளைக்கே தெருவெல்லாம் பேசும்."

மூச்சு வாங்க, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"பாவம், அந்தம்மா மீட்டுட்டுப் போகட்டும். அதுவரைக்கும் கடையைத் திறந்து வெச்சிருக்கணும்ல."