மூன்று மணிக்கு இறங்கும் கோடு

எழுதிப் பழக்கமில்லாதவன். இந்த ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளத் துணிந்தமையை வாசகப் பெருமக்கள் அருள்கூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

"மணி மூணு. மாடிக்குப் போயிட்டா, பாரு!"

விஜயராகவன் கைப்பேசியை மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினார். அவர்களது மயிலாப்பூர் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல்கள் தரும் மின்சாரம் அதில் ஒரு கோடாகத் தெரியும். கோடு சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வாரமாக இதே கதை. பேனல்களைத் துடைக்க விடியற்காலையில் வந்துகொண்டிருந்த வேலம்மா, திடீரென மூன்று மணிக்கு வரத் தொடங்கியிருந்தாள். அவள் ஏறினால் கரண்ட் இறங்கியது.

"பக்கத்துல கட்டடம் கட்டறாளே, அவாளுக்கு ஒயர் இழுத்துக் குடுக்கறா."

"பதினோரு வருஷமா வர்றவளை அப்படிச் சொல்லாதீங்கோன்னா," என்றாள் வைதேகி.

முழங்கால் வலியால் அவர் மாடி ஏறி ஆறு மாதமாயிற்று. கூடத்தில், தமது புகைப்படத்தின் கீழ் காத்திருந்தார். கட்டடம் கட்டுவோர் சோலார் வைத்தால் தாராளமாகச் சலுகை தர வேண்டுமென்று, முந்நூறு கையெழுத்துகளுடன் அவர் மனு கொடுத்தபோது எடுத்த படம். போன வருடம் அது சட்டமாகவே வந்துவிட்டது.

வேலம்மா இறங்கி வந்தாள்.

"காலம்பற வர்றதை ஏன் நிறுத்தினே?"

"காலைல வேற வூட்ல வேல கீது சார். மின்னாடியெல்லாம் மத்தியானத்துல மேல கால் வெக்க முடியாது. இப்ப தரை சுடல."

"கரண்டை யாருக்கு விக்கறே?"

வேலம்மா வாளியைக் கவிழ்த்துவைத்தாள். மாடிச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"இன்னா சார்... ஒரு தபா மேல வந்து பாத்துட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

போய்விட்டாள்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒயரைத் தேடி அவர் மாடி ஏறினார். ஒயர் எதுவும் இல்லை. பேனல்கள் மொத்தமும் நிழலில் கிடந்தன. மேற்கே, பக்கத்துக் கட்டடம் வெயிலை மறைத்து நின்றது.

"நாலு மாடின்னுதானேம்மா ஆத்துக்கு வந்து சொன்னேள்? அஞ்சாவது எப்படி வந்தது?" என்று சாரத்தில் நின்ற எஞ்சினியர் லாவண்யாவிடம் கத்தினார்.

"புதுச் சட்டம் சார். சோலார் வெச்சா ஒரு மாடி கூடுதலாக் கட்டிக்கலாம். நீங்க மனு போட்டு வாங்கிக் குடுத்த சலுகைதானே? கூடத்துல படம்கூட மாட்டியிருக்கீங்களே!"

இழந்தவை: நாளொன்றுக்கு நான்கு யூனிட் மின்சாரம். மூன்று மணிக்குப் பிந்தைய வெயில். வேலம்மா.