கத்தி பட்ட இடம்

மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது.

சமையலறை நடுவில் முதுகைக் காட்டி நின்றது ஃப்ரிட்ஜ். அதன் அடியிலிருந்து ஒரு குழாய் மீட்டருக்குப் போனது. மீட்டரிலிருந்து இன்னொன்று மோட்டாருக்கு. உள்ளே மிச்சமிருந்த காற்றையெல்லாம் மோட்டார் உறிஞ்சி எடுக்க, மீட்டரின் ஊசி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.

அவள் ஊசியைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற கணவனைப் பார்த்தாள்.

ஓட்டையை அடைக்கும்போதே மெக்கானிக் சொல்லியிருந்தான்.

"ஃப்ரீசர்ல கத்தி பட்டிருக்குக்கா. ஐஸ யாரோ குத்திப் பேத்துருக்காங்க. அதுல கேஸ் பூராம் போயிருச்சு." பிறகு அவள் கணவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "என்ன அண்ணாச்சி, உள்ள புதையலா தோண்டுனீக?"

"நான் ஃப்ரிட்ஜத் தொறக்கவே இல்லயே."

கேட்டு முடிக்கும் முன்பே வந்துவிட்டது பதில்.

அம்மா வீட்டிலிருந்து நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். இனிக் குடிக்க மாட்டேன் என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்து கூட்டிவந்தான்.

வந்ததும் அரிசி டிரம்மில் கைவிட்டுத் துழாவினாள். பரணைப் பார்த்தாள். அவன் குளிக்கப் போனபோது சட்டையை எடுத்து முகர்ந்தாள்.

சோப்பு வாசனை.

அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. இவன் சட்டைக்கு எப்போது சோப்பு வாசனை வந்தது?

காலையில் பால் வாங்கப் போனவன் திரும்பும்வரை ஜன்னலில் நின்றாள். தெருமுக்கைத் தாண்டினால் ஒயின் ஷாப்.

பிள்ளையை இன்னும் அவனிடம் கொடுக்கவில்லை. அவன் கை நீட்டும்போதெல்லாம் பசிக்கிறது என்றாள், தூக்கம் வருகிறது என்றாள்.

இப்போது இந்த ஐஸ்.

தனியாக இருந்த ஆம்பளைக்கு ஐஸ் எதற்கு? அவளுக்குத் தெரியும். கண்ணாடி டம்ளரில் அது உரசும் சத்தம்கூடத் தெரியும்.

அலமாரியில் கத்தி கிடந்தது. நுனி வளைந்திருந்தது.

மெக்கானிக் மீட்டரின் வால்வைத் திருகி மூடி, மோட்டாரை அணைத்தான். வீடு சட்டென்று அமைதியானது.

"இனி தொடப்பிடாது. சும்மா பாத்துட்டு இருக்கணும். ஊசி நின்னா நல்லது. ஏறுச்சுன்னா இன்னும் எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம்."

மூன்று பேரும் ஊசியைப் பார்த்தார்கள்.

அவளால் சும்மா நிற்க முடியவில்லை. ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் மெக்கானிக் ஒரு வாளியில் எடுத்துப் போட்டிருந்தான். கொட்டிவிடலாம் என்று பிள்ளையை இடுக்கிக்கொண்டு குனிந்தாள்.

அடியில் ஒரு டப்பா. மூடியெல்லாம் கத்திக் கீறல். நாலு பக்கமும் சுரண்டி, ஐஸுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தது போல.

திறந்தாள்.

புளித்த நாற்றம். ஒரு வாய் குழம்பு. ஒரு மாங்கொட்டை.

மாங்காய் போட்டு அவள் வைத்த நெய்மீன் குழம்பு. இந்த வீட்டில் கடைசியாக அவள் சமைத்தது. இதெல்லாம் ஒரு குழம்பா என்று அவன் தட்டோடு சுவரில் வீசியது. மறுநாள் முதல் பஸ்ஸில் பிள்ளையோடு கிளம்பிவிட்டாள்.

அன்று சட்டி நிறைய மிச்சமிருந்தது. இப்போது இந்த ஒரு வாய்.

நிமிர்ந்தாள். அவன் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருடித் தின்று மாட்டிக்கொண்டவனைப் போலத் தலையைக் குனிந்தான்.

அலமாரியின் மேல்தட்டைப் பார்த்தாள். ஊருக்குப் போகும் முன் அவள் கழுவிக் கவிழ்த்துவைத்த ஐஸ் ட்ரே, கவிழ்த்தபடியே இருந்தது. அதன் முதுகில் தூசி.

டப்பாவை மட்டும் வாளியில் போடாமல் பாத்திரம் கழுவும் தொட்டி ஓரமாக வைத்தாள்.

"நிக்குதுக்கா," என்றான் மெக்கானிக். "இனி கேஸ் ஏத்தணும். லேசுல தீப்பிடிக்கிற கேஸு. அடுப்பப் பத்தவைக்காதீக. பிள்ளைய யாராவது வெளிய வச்சுக்கிடுங்க."

அவளே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

பிள்ளையை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவன் கைகளைக் கைலியில் துடைத்தான். துடைக்க அவற்றில் ஒன்றும் இல்லை. மறுபடியும் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"தெருமுக்கத் தாண்டக் கூடாது," என்றாள்.

"ம்."

செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போனான்.

மெக்கானிக் கேஸ் டின்னை எடுத்தான்.

"இருங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டு ஏத்துங்க."

"அதான் நிக்குதேக்கா."

அவள் அதற்குள் ஜன்னலுக்குப் போயிருந்தாள்.

தெருமுக்கில் அவன் பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தான்.