றோய் என்று ஒருவரும் இல்லை

றோய் இருக்கிறாரா என்று ஓர் ஆண்குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"நோ றோய். றோங் நம்பர்" என்று சொல்லி வேரோனிக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

வைத்த பிறகுதான் உறைத்தது. சமையலறை யன்னலுக்கு வெளியே, பின்வளவில், அவள் பெற்ற மகன் றோய் புல்லு வெட்டிக்கொண்டிருந்தான்.

அது அவளுடைய வாய் பழகிப்போய்ச் செய்த வேலை. கனடாவுக்கு வந்த புதிதில், வோபர்னில் இரண்டு அறை அப்பார்ட்மென்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். வாடகைப் பத்திரத்தில் நான்கு பேர். வெள்ளைக்காரக் குரல் யாரைக் கேட்டாலும் அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்பதுதான் வீட்டுச் சட்டம். அவளுடைய கணவர் அகஸ்ரினை வேலைக்கு எடுக்கக் கூப்பிட்ட தொழிற்சாலைக்காரனிடமும் "நோ அகஸ்ரின்" என்றுதான் சொன்னாள்.

"பத்து வருசம் குடும்பம் நடத்தினவள், ஒரு வெள்ளையன் கேட்டவுடன நான் இல்லையெண்டிட்டாள்" என்று அகஸ்ரின் இன்றைக்கும் ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பார்.

அதெல்லாம் பதின்மூன்று வருடத்துக்கு முந்திய கதை. இப்போது ரூஜில் சொந்த வீடு. வாய் மட்டும் அப்பார்ட்மென்டை விட்டு இன்னும் வெளிக்கிடவில்லை.

ஆனால் இந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பதினொரு நாளாக றோய் இந்த ஓர் அழைப்புக்காகத்தான் வீட்டோடு கிடந்தான். பல்கலைக்கழக ஃபுட்போல் அணியில், காலால் உதைக்கிறதல்ல, கையால் எறிகிற ஃபுட்போல், மூன்று வருடம் அவன்தான் குவாட்டர்பேக். மாடு மாதிரி நாலைந்து பேர் தன்னை விழுத்த ஓடிவரும்போது, கையில் இருக்கிற பந்தை யாருக்கு எறிவது என்று மூன்று வினாடிக்குள் முடிவெடுக்கிறவன். தொழில்முறை அணிகள் ஆட்களைத் தெரிவு செய்த அன்று அவனுடைய பெயரை ஒருவரும் கூப்பிடவில்லை. மேற்கே ஓர் அணியின் கோச் மட்டும், பயிற்சி முகாமில் இடம் வந்தால் அழைப்பேன், நீ அகப்படாவிட்டால் பட்டியலில் அடுத்தவனை எடுப்பேன் என்று சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு அவன் குளிக்கும்போதுகூடக் கதவைக் கொஞ்சம் நீக்கித்தான் வைத்திருந்தான். இன்றைக்கு அவள்தான் வெளியே கலைத்துவிட்டாள். "வளவு காடாக் கிடக்கு. போய் வெட்டு. போனை நான் பாக்கிறன்."

யன்னலில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் திரும்பிப் பார்ப்பான்.

அவளுடைய கை எழும்பவில்லை.

போன நவம்பரில் ஒருமுறை அவனுடைய விளையாட்டைப் பார்க்கப் போயிருந்தாள். நான்கு பேருக்குக் கீழே கிடந்தவன் எழும்புவதற்குள் அவள் இரண்டு அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்துவிட்டாள். அந்தப் பயம்தான் என்று இப்போது தனக்குச் சொல்லிப் பார்த்தாள். பயமும் உண்மைதான். ஆனால் திங்கட்கிழமை றோய் வங்கியில் வேலைக்குச் சேருகிறான் என்று போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் கிளடிஸ் அன்ரிக்கும் மற்ற ஆட்களுக்கும் சொன்னபோது தன் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவளுக்குத் தெரியும். பந்து எறிகிறவன் என்று சொல்லும்போது அந்த வெளிச்சம் வருமா?

மறுபடியும் மணி அடித்தது.

எடுத்தாள். இந்த முறை கொஞ்சம் கூடுதலாகப் பேசினாள், அரை நிமிடம் இருக்கும். பிறகு ரிசீவரை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போல, சத்தமில்லாமல் வைத்தாள்.

வெளியே புல்லு வெட்டுகிற மெசின் சத்தம் இல்லை. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை.

பேஸ்மன்ட் படிகளில் றோய் ஏறி வந்தான். காற்சட்டை முழுக்கப் புல்லு. அவன் கேட்பதற்கு முன்னமே அவள் சொன்னாள்:

"கிரெடிட் காட் விக்கிறவங்கள். ரெண்டு தரம் அடிச்சுப்போட்டாங்கள்."

அவன் குழாயில் தண்ணீர் பிடித்து முழுவதையும் குடித்தான். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தான்.

"நீங்கள் எடுக்கேக்கையே கீழ இருக்கிற போனை நானும் எடுத்தனான் அம்மா. நீங்கள் வைச்சாப் பிறகு கதைச்சன். நாளைக்கு விடிய பிளேன்."

அவள் ஈரமில்லாத கையைத் துவாயில் துடைத்தாள்.

"கோச் பாவம், குழம்பிப்போனார். எங்கட அம்மாவுக்கு இங்கிலீஷ் விளங்காது, ஆரெண்டு தெரியாமல் ஏதோ சொல்லிப்போட்டா, கோவிக்காதேங்கோ எண்டு சொன்னனான்." அவளுடைய தோளில் மெல்லத் தட்டினான். "ஒண்டும் யோசிக்காதேங்கோ."

பெட்டி அடுக்க மேலே போய்விட்டான்.

வேரோனிக்கா குசினிக்குள் அப்படியே நின்றாள். அவள் அந்த மனிதரிடம் சொன்னவை மூன்று வசனங்கள். ஒரு சொல்லும் தடக்காத, ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலம்.

நான் றோயின் தாய். அவனுக்கு வங்கியில் வேலை கிடைத்துவிட்டது, இனி விளையாட வரமாட்டான். உங்களிடம் தானே சொல்ல அவனுக்கு வெட்கமாக இருக்கிறது.