பஞ்சு தட்டும் படம்

"முடியாதுன்னா முடியாதுக்கா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஒச்சம்மாள் டீயைக்கூடக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

மணி நாலு பத்து. நாலே காலுக்கு டீ டைம் முடிந்து பெல் அடித்துவிடும். அதற்குப் பிறகு போனைக் கையில் எடுக்க முடியாது. அஞ்சு மணிக்குள் இந்தக் காகிதத்தைப் போனில் படம் எடுத்துத் தமிழ்மதிக்கு அனுப்பியாக வேண்டும்.

தமிழ்மதி என் சின்ன மகள். கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கப் போகிறவள். நல்ல படம் என்று அவளே நினைப்பதை மட்டும் கண்காட்சிகளுக்கு அனுப்புவாள். நாலு தடவை அனுப்பி, நாலும் தேறவில்லை. ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள்.

இந்தத் தடவை எண்ணூறு படத்தில் முப்பதைத்தான் எடுத்தார்கள். அதில் அவளுடையது ஒன்று. நடுவர்கள் மூன்று பேரும் ஒரே மனதாகச் சொன்னார்களாம். கோயமுத்தூரில் பத்து நாள் மாட்டி வைப்பார்கள். அப்புறம் சென்னைக்குப் போகும்.

ஆனால் ஒரு விதி இருக்கிறது. படத்தில் முகம் தெரிகிறவர்கள், சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இன்றைக்கு அஞ்சு மணியோடு கடைசி. தவறினால் அடுத்து வரிசையில் இருக்கும் படத்தை எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் படம், வேலை முடிந்து கேட்டுக்கு வெளியே நாங்கள் பஞ்சு தட்டிக்கொள்வதை எடுத்தது. எங்கள் பனியன் கம்பெனியில் எந்தப் பொம்பளையும் அப்படியே பஸ் ஏற மாட்டாள். தலை, புருவம், முதுகு எல்லாம் பஞ்சாக இருக்கும். ஒரு வேஸ்ட் துணியால் ஒருத்திக்கு ஒருத்தி தட்டிவிட்டுத்தான் கிளம்புவோம்.

சாயங்கால வெயிலில் பஞ்சு புகை மாதிரி பறக்கிறது. நடுவில் ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

"ஏன் கண்ணு, உன்னைய அசிங்கமாவா எடுத்திருக்குது? எத்தனை அழகாச் சிரிக்கிறே" என்றேன்.

"சிரிக்கிறது இருக்கட்டும். தலை பூரா பஞ்சு, சேலைக்கு மேல எம்புருசனோட பழைய சட்டை. பேப்பர்லயும் வருமாம்ல?"

"வந்தா வந்துட்டுப் போகுது."

பக்கத்தில் இருந்த காத்தூன் பீவி எட்டிப் பார்த்தாள். "உன் கல்யாண போட்டோவுலகூட நீ இப்படி இருந்திருக்க மாட்டே. போட்டுக் குடு புள்ள."

ஒச்சம்மாள் சிரிக்கவில்லை. என் காதருகே வந்தாள்.

"எங்க ஊரு உசிலம்பட்டியில நான் டெய்லர்னு சொல்லி வச்சிருக்கேன்க்கா. கைமடின்னு தெரிஞ்சா எங்க நாத்தனா சும்மா விடுவாளா? ஊரு பூராச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக்கா."

கைமடி என்றால் டெய்லர் தைத்துப் போடுவதை எடுத்து, பிசிறு வெட்டி, மடித்து அடுக்கும் வேலை. நானும் அவளும் அதைத்தான் பார்க்கிறோம்.

எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"இல்லாத பெருமையெல்லாம் நீ சொல்லி வெச்சுட்டு, அதுக்கு எம்புள்ளையோட பொழப்பு போகோணுமா? நாம என்ன திருடறமா? பாடுபட்டுத் திங்கறோம். இதுல ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது?"

என் குரல் உயர்ந்ததில் ரெண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

போன் அடித்தது. தமிழ்மதிதான்.

"அம்மா, ஆச்சுங்களா? இங்க கண்காட்சி ஆபீஸ்ல மறுபடியும் கேட்டுட்டாங்க."

"ஆச்சு கண்ணு, இதோ இப்ப அனுப்பறேன்."

"முழுசா நிரப்பி அனுப்புங்கம்மா. பாதியில விட்டிருந்தா எடுத்துக்க மாட்டாங்க." குரல் உடைந்துவிடும்போல இருந்தது.

ஒச்சம்மாளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். என் போனை வாங்கி அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"நீங்க சொல்றது சரிதான்க்கா" என்றாள் மெல்ல. "எத்தனை நாளைக்குத்தான் பயந்து பயந்து பேசறது? போன்ல மெஷின் சத்தம் கேட்டாக்கூட, 'நீயா தைக்கிற?'ன்னு ஆத்தா கேக்கும். ஆமான்னு சொல்றதுக்குள்ள எனக்கு வேர்த்துரும். பேனாவைக் குடுங்க."

காகிதத்தைத் தொடையில் வைத்து, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதினாள்.

"மகராசியா இருப்பே சாமி" என்று கையை நீட்டினேன்.

அவள் காகிதத்தைத் தரவில்லை.

"கீழ இன்னொரு கோடு சும்மா கெடக்கேக்கா?"

"அது நம்ம ஊட்டுக் கையெழுத்துத்தானே. எப்ப வேணாலும் போட்டுக்கலாம். நீ குடு."

"எப்ப வேணாலுமா? அஞ்சு மணிக்குள்ளன்னு நீங்கதானே சொன்னீக?" ஒச்சம்மாள் என் முகத்தையே பார்த்தாள். "என் முதுகுல தட்டிக்கிட்டு நிக்கிறது நீங்கதானக்கா. உங்க மூஞ்சியுந்தான் பளிச்சுன்னு தெரியுது."

காத்தூன் பீவியும் இப்போது என்னைத்தான் பார்த்தாள்.

பெல் அடித்தது.

பேனாவை வாங்கினேன். தமிழ்மதி ஒரு வாரமாகக் கேட்டும் நான் போடாத கையெழுத்தை, நின்றபடியே போட்டேன்.

பெரிய மகளைக் கட்டிக்கொடுத்த தாராபுரத்தில், சம்பந்தி வீட்டாருக்கு, மூன்று வருஷமாக நான் சூப்பர்வைசர்.