புதன்கிழமைப் பூச்சட்டை

"வெளியே போ."

பேராசிரியை கையைக்கூட நீட்டவில்லை. புருவத்தாலேயே வாசலைக் காட்டினார்.

புதன்கிழமை மட்டும் நடக்கும் சர்க்கரை நோய்ப் பிரிவில் அவருடைய மேஜையைச் சுற்றிப் பத்து வெள்ளைக் கோட்டுகள் நின்றன. பதினோராவதாக நின்றது ஒரு பூப்போட்ட சட்டை. சாயம் போன ஜீன்ஸ். காலில் ரப்பர் செருப்பு.

நாற்பத்தேழாம் நம்பர் மாணவி.

"சாரி மேடம்" என்றாள். குரலில் இருந்த வருத்தம் முகத்தில் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, விட்டால் போதும் என்பது போலப் போய்விட்டாள்.

"இதோட ஆறாவது புதன்கிழமை மேடம்" என்றார் நர்ஸ்.

"எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் ஒரு நாள் போச்சுன்னா பரீட்சை எழுத முடியாது. ஒரு வருஷம் வீண்."

உடை விஷயத்தில் பேராசிரியை யாரையும் விட்டது கிடையாது. கோட்டில் ஒரு பட்டன் குறைந்தாலும் வகுப்பு இல்லை. மாணவர்கள் தனக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்திருப்பது அவருக்கும் தெரியும். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைகூட. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் நோயாளிக்கு நம்பிக்கையே வருகிறது என்பது அவர் கட்சி.

அவருக்குப் புரியாதது ஒன்றுதான். நாற்பத்தேழு வகுப்பில் முதல் மாணவி. மற்ற நாளெல்லாம் கோட்டு மடிப்புக் கலையாமல் வருகிறாள். புதன்கிழமை மட்டும் என்ன கேடு?

"சொல்லாம மட்டம் போட்டா வீட்டுக்கு லெட்டர் போகும். டிரஸ் சரியில்லன்னா அட்டென்டன்ஸ் மட்டும்தான் போகும். வெவரமான பொண்ணு மேடம்" என்ற நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "கீழ எவனாவது காத்துக்கிட்டு இருப்பான்."

"புதன்கிழமை மட்டும் காத்துக்கிட்டு இருக்கறவன் எவன்?"

"அவனுக்கு அன்னிக்குத்தான் லீவோ என்னவோ."

பேராசிரியைக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் குடைச்சல் போகவில்லை. அரை மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, உதவிப் பேராசிரியரை நாற்காலியில் உட்கார வைத்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு போனால் ஆஸ்பத்திரியின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்துவிடும்.

கீழே, மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே நீள பெஞ்சு. அதன் ஓரத்தில் பூப்போட்ட சட்டை. பக்கத்தில் ஓர் ஆண்.

நர்ஸ் சொன்னது சரிதானா?

தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். அந்த ஆணுக்கு ஐம்பது வயதிருக்கும். விரல் இடுக்கெல்லாம் சிமெண்ட். மடியில் மாத்திரை அட்டைகள். கையில் மருந்துச் சீட்டு. கால் மணி நேரத்துக்கு முன்னால் பேராசிரியையே எழுதிக் கொடுத்த சீட்டு.

"எப்படிப் போடுவீங்க, இப்ப எனக்குச் சொல்லுங்கண்ணே" என்றாள் நாற்பத்தேழு.

"காலைல வேலைக்கு ஓடற அவசரத்துல மறந்துடும்மா. ராத்திரி வந்து ரெண்டு வேளைக்கும் சேத்துப் போட்டுக்குவேன். ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. சரியாப் போச்சில்ல?"

"இப்ப ரெண்டு ரெண்டா ஏத்தி எழுதியிருக்காங்களே?"

"அப்ப ராத்திரி நாலு."

சர்க்கரை குறையவில்லை என்று மாத்திரையை இரட்டிப்பாக்கியது பேராசிரியைதான். ராத்திரி நாலு போட்டுப் படுத்தால் இந்த மனிதர் காலையில் எழுந்திருக்க மாட்டார்.

"ஐயோ, கூடவே கூடாதுண்ணே! மறந்தா மறந்ததுதான், சேத்துப் போடக் கூடாது. வாங்க, மேல போய்ச் சொல்லி மாத்தி எழுதி வாங்கிடலாம்."

"நான் வரலம்மா. அங்க பத்து கோட்டு சுத்தி நிக்குது. அந்தம்மா 'புரிஞ்சுதா'ன்னு கேட்டாங்க. புரியலன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? குனிஞ்ச தலை நிமிராம 'புரிஞ்சுதுங்க'ன்னு வந்துட்டேன். அவங்களும் எழுதிக்கிட்டேதான் கேட்டாங்க, பாவம். ஆமா, நீயும் டாக்டருக்குப் படிக்கற பொண்ணுங்கறாங்க, கோட்டு இல்லியா உனக்கு?"

"இருக்குண்ணே. ஒரு நாள் அதைப் போட்டுக்கிட்டு இங்க வந்து உக்காந்தேன். பெஞ்சுல இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்னுட்டாங்க. எதைக் கேட்டாலும் 'புரிஞ்சுதுங்க, புரிஞ்சுதுங்க.' ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"சரி, பாடம் முடிஞ்சப்புறம் வரலாமில்ல?"

"அது முடிய ஒரு மணி ஆயிடும். அப்ப நீங்கல்லாம் வீட்டுக்குப் போய் நாலு நாலா முழுங்கியிருப்பீங்க."

அந்த மனிதர் கடகடவென்று சிரித்தார். அவளும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தாள். எதிரே பேராசிரியை.

தூணை விட்டு எப்போது வெளியே வந்தோம் என்பது பேராசிரியைக்கே தெரியவில்லை. நாற்பத்தேழு வெடுக்கென்று எழுந்து நின்றாள். மடியிலிருந்த பை கீழே விழுந்தது. பேராசிரியை அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

சிமெண்ட் கைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு, நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"நீங்களும் மேல அந்த டாக்டரம்மாகிட்ட காட்டிட்டு வர்றீங்களாக்கா? உக்காருங்க. ஒண்ணும் புரியலன்னு மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கூச்சப்படாம கேளுங்க, இந்தப் பொண்ணு பொறுமையா சொல்லிக் குடுக்கும்."