மயிலாடிக் கல்

சாயங்கால வெயிலில் ஞானதாஸ் தன் வீட்டு வாசல் தூணைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறார். தூணில் பதித்த கருங்கல்லில் அவர் பெயரும் 'துணை வட்டாட்சியர்' என்ற பதவியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு அடிக்கும் பொறி பறக்கிறது. தென்னையிலிருந்து காக்கைகள் கலைகின்றன. தெறித்த சில்லு புருவத்தைக் கிழித்ததில் ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது. அவர் துடைக்கவில்லை. லஞ்சத்துக்காகத் துறை அவரை வேலையை விட்டு நீக்கியது செல்லும் என்று கோர்ட்டு தீர்ப்பளித்ததை மதுரையிலிருந்து வக்கீல் சொன்ன செல்போன் படிக்கட்டில் உடைந்து கிடக்கிறது. இரும்புக் கதவைப் பிடித்து நிற்கும் அவர் மனைவி லீலாபாயின் விரல்களில் அடிக்கு அடி அதிர்வு ஏறுகிறது. "நான் கைக்கூலி வாங்கினனா இல்லியான்னு கோர்ட்டு கேக்கவே இல்லட்டி," என்று கல்லைப் பார்த்தே கத்துகிறார். "விசாரணை முறையா நடந்திருக்கு, சாட்சிய நாங்க திரும்ப நோண்ட மாட்டோம்னு தள்ளிட்டான். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்லா?" மறுபடி அடிக்கிறார். பெயர் சிதறி விழுகிறது. பதவி அப்படியே இருக்கிறது. ஆழமாக வெட்டச் சொன்னது அவர்தான். குவாரிக்காரர் ஒருவர் கல்சிற்பிகளின் ஊரான மயிலாடியில் செய்வித்து, டெம்போவில் கொண்டுவந்து பதித்து, ஒரு பைசா வாங்காமல் போன கல் அது. அன்று அந்தக் குவாரிக்காரருக்குச் சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தவள் லீலாபாய். "கோர்ட்டு கேக்காண்டாம். நான் கேக்கேன்," என்கிறாள். "வாங்கினியளா?" ஓங்கிய சம்மட்டி தலைக்கு மேலேயே நிற்கிறது. ஞானதாஸ் கல்லை விட்டு அவள் பக்கம் திரும்புகிறார். லீலாபாய் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.